வீட்டுக்கு வராத குரல்

பெண்கள் பக்கவாத வார்டில் அவளுக்கு 'அறிவிப்பு சிஸ்டர்' என்று பேர். வண்டி வருவதற்கு முன்னால் ரயில் நிலைய ஒலிபெருக்கி சொல்வதுபோல, எதைச் செய்வதானாலும் வாயால் சொல்லிவிட்டுத்தான் செய்வாள் என்று பயிற்சிக்கு வந்த பெண்கள் வைத்த பேர் அது.

"இப்ப உங்க கையைத் தூக்கப் போறேம்மா. கொஞ்சம் கனமா இருக்கும், பயப்படாதீங்க."

"இப்ப இடது பக்கம் திருப்பப் போறேன். முதுகுல என் கை படும். சில்லுன்னு இருந்தா திட்டிக்கங்க."

கண் திறந்து கிடப்பவர்களிடம் மட்டுமில்லை, நினைவே இல்லாமல் மூக்கில் குழாயோடு கிடப்பவர்களிடமும் இதே பேச்சுதான். தரை துடைக்க வரும் அம்மாகூட ஒருமுறை கேலி செய்தாள். "யாருகிட்ட சிஸ்டர் பேசறீங்க? அவங்கதான் பதிலே சொல்றதில்லையே."

"அதனாலதான் பேசறேன். எதிர்த்துப் பேசாத ஆளு எனக்கு வேற எங்க கிடைக்கும்?"

இந்தப் பழக்கம் படித்து வந்ததில்லை. கல்யாணமான புதிதில், அவளுக்கு ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. வேறோர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். போர்வையைத் தூக்கினார்கள், பார்த்தார்கள், அமுக்கினார்கள், போர்வையைப் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் நுழைகிறவர்கள்போல இருந்தது. இந்த உடம்புக்குள் ஆள் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கிருந்து எழுந்து வந்தபோது அவளுக்கென்று ஒரு கொள்கை உருவாகியிருந்தது. சொல்லாமல் யாரையும் தொடக்கூடாது.

பயிற்சிப் பெண்கள் அழுக்கைப் பார்த்து முகம் சுளிக்கும்போது அவள் கடிந்துகொள்ள மாட்டாள். "இவங்கள உனக்குப் பிடிக்கணும்னு யாரும் சொல்லல. அன்பு வரும், போகும், அது நம்ம கையில இல்ல. கவனம் நம்ம கையில இருக்கு. அதைக் குடு, போதும்" என்பாள். அவள் வார்டில் யாருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் உள்ளுக்குள் அவளுக்கு அதில் கர்வம் உண்டு.

அவளை வளர்த்தது அக்காதான். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா வேலை தேடிப் போகிறேன் என்று போனவர், போனவர்தான். வீட்டில் பெரியவள் என்றால் அக்கா, சின்னவள் என்றால் இவள். அக்கம்பக்கத்திலும் அவர்களுக்கு வேறு பேர் இல்லை. பெரியவள் தையற்காரி. மெஷினை மிதித்தே சின்னவளை நர்ஸுக்குப் படிக்கவைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "அளவெடுத்துப் பாத்தேன். ஒருத்தனும் சரியா வரல" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோப்பாள். குரலில் எப்போதும் ஓர் அதட்டல் இருக்கும். அந்த அதட்டலில் வளர்ந்தவள் சின்னவள்.

அந்தப் பெரியவள்தான் ஒருநாள் தைத்துக்கொண்டிருக்கும்போதே மெஷின்மேல் சாய்ந்தாள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. சின்னவளின் வார்டிலேயே சேர்த்தார்கள். வாய் கோணிப் பேச்சில்லாமல் கிடந்த அக்காவைச் சின்னவள் பூப்போலப் பார்த்துக்கொண்டாள். பேச்சு குழறிக் குழறித் திரும்பி வந்ததும் பெரியவள் சொன்ன முதல் முழு வாக்கியம், "ஊருக்கெல்லாம் சிஸ்டரா இருந்தே. இப்பத்தான்டி எனக்கும் சிஸ்டர் ஆகியிருக்கே." வார்டே சிரித்தது. சின்னவளும் சிரித்தாள்.

பிறகு வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். சின்னவளின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மைத்துனியை அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். காலையில் அக்காவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். பகலில் கீழ்வீட்டம்மா வந்து சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவாள். மதியத்துக்கு மேல் சின்னவள் வார்டு முடிந்து வந்து மற்ற எல்லாவற்றையும் பார்ப்பாள். ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் ஓய்வுபெற்றுப் போனவர்களின் இடத்துக்கு ஆள் போடவில்லை. நாலு பேர் வேலையை இரண்டு பேர் இழுத்தார்கள். சின்னவள் எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கட்டிலிலும் நின்று சொன்னாள், சொல்லிவிட்டுத் தொட்டாள். மூன்று மாடி ஏறி வீட்டுக் கதவைத் திறக்கும்போது தொண்டை காய்ந்திருக்கும். எதிரே ஜன்னலோரக் கட்டிலில் அக்காவின் கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கண்களைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சல் வந்தது. முதலில் அது எரிச்சல் என்றே அவளுக்குத் தெரியவில்லை. களைப்பு என்று நினைத்தாள். தன்னை அதட்டி எழுப்பி, தலைவாரி, பள்ளிக்குத் துரத்திய ஆள் இப்படிக் கிடந்துகொண்டு தன் வாயைப் பார்ப்பதா என்று உள்ளே எதுவோ கொதித்தது. எழுந்து நின்று ஓர் அதட்டல் போட்டால் என்ன? வார்டில் கிடப்பவர்கள் யாரும் அவளுக்காக அப்படி எழுந்து நிற்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "திருப்பப் போறேன்" என்பது "திரும்பு" ஆயிற்று. பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. ஊட்டும்போது கடைவாயில் வழிந்ததைத் துடைத்த கையில் வேகம் கூடியது.

"மெதுவாடி" என்றாள் பெரியவள்.

"மெதுவாத்தான் செய்யறேன்."

கணவர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். "போன்ல பேஷன்ட் வீட்டுக்காரங்ககிட்ட பேசினியே, அப்ப உன் குரலே வேற மாதிரி இருந்துச்சு."

"அப்ப நீங்களே பாத்துக்கங்க."

"நான் குறை சொல்லல. கேட்டுக்கிட்டிருந்தாங்க அக்கா. அதான்."

ஒருநாள் மதியம் அவள் அக்காவை ஒருபக்கமாகத் திருப்பிவிட்டு அப்படியே தரையில் படுத்து அசந்துவிட்டாள். சாயங்காலம் எழுந்து பார்த்தால், செயலற்ற வலது கை உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. விரல்கள் நீலம் பாய்ந்து வீங்கியிருந்தன. பதறிப்போய்க் கையை எடுத்துத் தேய்த்துவிட்டாள்.

"கூப்பிடறதுக்கென்ன? கை மாட்டிக்கிட்டது தெரியலையா?"

"தோள் இழுத்துது. தெரிஞ்சுது" என்றாள் பெரியவள். "எழுப்பினா உன் முகம் எப்படி இருக்கும்னும் தெரிஞ்சுது."

அன்று சின்னவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். இனி இப்படி நடக்காது என்று தீர்மானம் செய்துகொண்டாள். மறுநாள் வந்ததும் "அக்கா, இப்ப உன் கால நீட்டப் போறேன்" என்று ஆரம்பித்தாள். சொன்னது அவள் காதுக்கே பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது. சில நாள் ஓடியது. பிறகு வார்டில் வேலை நெருக்கியது, பழையபடி ஆயிற்று.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு வாடை வந்தது. குளியலறைச் சாக்கடைதான் என்று நினைத்தாள். கடையில் மருந்து வாங்கி ஊற்றினாள். கணவர் குழாய்க்காரரைக்கூட அழைத்து வந்து காட்டினார். குழாய் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கோ அது பழகிய வாடை. மற்ற வார்டுகளிலிருந்து வரும் நோயாளியின் போர்வையை விலக்கும் முன்பே அந்த வாடையை வைத்துப் புண் எங்கே, எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடுவாள். தன் வீட்டில் அதை முகர்ந்து சாக்கடை என்று நினைத்தாள்.

விடுமுறை நாளன்று நல்ல வெயில். ஜன்னல் வெளிச்சம் கட்டில்மேல் விழுந்திருந்தது. அக்காவைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி உடம்பு துடைத்தாள். முதுகின் அடியில், இடுப்பெலும்பு முடியும் இடத்தில், உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்த துணியை விலக்கினாள். தோல் இல்லை. நடுவில் கறுத்து, ஓரம் சிவந்து, உள்ளே குழிந்து போயிருந்தது. ஒரே நாளில் வருகிற புண் இல்லை அது. இத்தனை நாளும் அவள்தான் துடைத்திருக்கிறாள், அவள்தான் துணி மாற்றியிருக்கிறாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுவரைப் பார்த்தபடியே பெரியவள் கேட்டாள். "என்னடி, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல."

"பெருசா இருக்கா?"

"வலிக்கலையா உனக்கு?"

"வலிச்சுது."

"சொல்றதுக்கென்ன? வாய்தான் இருக்கில்ல?"

பெரியவள் குழறல் தெரியாதபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "வார்டுல நீ கேப்பே. எங்கயாவது வலிக்குதான்னு. இங்க நீ கேக்கவே இல்ல. கேக்காத ஆளுகிட்ட எப்படிச் சொல்றது?"

மறுபடியும் அதே வார்டில் சேர்த்தார்கள். ஹெட் சிஸ்டர் புண்ணைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில், "வீட்ல யாரு பாத்துக்கறாங்க?" என்று ஆரம்பித்தவள், எதிரே நிற்பது யார் என்று நினைவு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள். பயிற்சிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாராவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் தேவலை என்று சின்னவளுக்கு இருந்தது.

"டிரெஸ்ஸிங்க வேற ஆளு பண்ணட்டும். நீ கொஞ்சம் உக்காரு" என்றாள் ஹெட் சிஸ்டர்.

"நானே பண்றேன்."

தட்டை எடுத்துக்கொண்டு, கையுறை மாட்டி, திரையை இழுத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் குனிந்தாள். வாயைத் திறந்தாள். அந்தக் குரல் வந்தது. அவள் கூப்பிடவில்லை; குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருவதுபோல அதுவாக வந்தது.

"அக்கா, இப்ப பழைய கட்டைப் பிரிக்கப் போறேன். பிச்சு எடுக்க மாட்டேன். தண்ணி விட்டு நல்லா ஊறவச்சுத்தான் எடுப்பேன். சுருக்குன்னா சொல்லு, நிறுத்திடறேன்."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமையிலிருந்து நீர் இறங்கித் தலையணையில் சொட்டியது.

"வலிக்குதாக்கா?"

"இல்ல. எங்கடி வச்சிருந்தே இத?"

"எத?"

"இந்தக் குரலை."

சின்னவளின் கை நிற்கவில்லை, பழகிய கை. கறுத்ததை நீக்கியது, கழுவியது, துணி வைத்தது. மனசுதான் நின்றுபோனது. வீட்டில் தீர்மானம் போட்டும் வராத குரல் இங்கே சீருடை போட்டதும் வந்து நிற்கிறது. இத்தனை வருஷம் அதைத் தன் குணம் என்று நினைத்திருந்தாள். வேலை முடிந்து கதவைத் தாண்டிப் போய்விடலாம் என்பதால்தான் இங்கே அவ்வளவு இதமாக இருக்க முடிந்ததோ? அன்பு தேவையில்லை, கவனம் போதும் என்று எல்லோருக்கும் சொன்னாள். உலகத்திலேயே அவள் உயிரை வைத்திருந்த ஓர் ஆளிடம் அவளுக்குக் கவனம் இல்லாமல் போயிற்று. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

புண் மெதுவாக ஆறியது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று பெரியவள், "நான் அங்க வரல" என்றாள். சின்னவளையும் அவள் கணவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "படுத்த படுக்கையா இருக்கறவங்கள பாத்துக்கற இல்லம் இருக்காமே. பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னாங்க. அங்க விட்டுடுங்க."

கணவர் பதறினார். "என்னக்கா இது? நாங்க இருக்கறப்போ அங்க விட்டா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"அந்த நாலு பேர் வந்து என்னைத் திருப்பிப் போடுவாங்களா?"

கணவர் எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார்.

"என்மேல கோவம் உனக்கு" என்றாள் சின்னவள்.

"இல்லடி. சத்தியமா இல்ல. நீ கதவத் திறக்கறப்போ உன் அக்காவைத் தேடறே. இங்க பாரு, இந்த வாய் கோணினவள இல்ல. மெஷின் மிதிச்சாளே, அவளை. அவ இல்லைன்னதும் உன் முகம் போற போக்க நான் தினமும் பாக்கறேன். அங்க இருக்கறவங்க யாரையும் தேட மாட்டாங்க. இருக்கறதப் பாப்பாங்க."

"நான் வேலைய விட்டுடறேன். முழுநேரமும் கூடவே இருக்கேன்."

"விட்டுட்டா?" பெரியவளின் நல்ல கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. "இங்க வர்றப்பவாவது அந்தக் குரல் இருக்கு. நீ வேலைய விட்டா அது எங்கயுமே இருக்காது. இவங்களுக்காவது இருக்கட்டும்."

இல்லம் நகரத்தின் ஓரத்தில் இருந்தது. நீளமான கட்டடம், ஒரே தாழ்வாரம், கடைசி அறையில் பெரியவளின் கட்டில். சின்னவள் முதல் தடவை போனபோதே கண்ணில் பட்டதெல்லாம் குறைதான். தண்ணீர்க் குவளை கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. நகம் வெட்டவில்லை. டி.வி. அலறியது. பருத்த உடம்புப் பணிப்பெண் ஒருத்தி வாயில் எதையோ மென்றுகொண்டே வந்து, "டெய்லரக்கா, ஏறுங்க" என்று ஒரே தூக்கில் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போனாள். மூட்டையைப் போடுவதுபோலத்தான் போட்டாள். பெரியவள் அதற்குச் சிரித்தாள். "இவ மாவு மில்லுல இருந்திருக்க வேண்டியவ" என்றாள். போகிற போக்கில் பணிப்பெண்ணும் சிரித்தாள்.

சின்னவள் எழுந்து குவளையை நகர்த்தினாள், போர்வையை இழுத்துவிட்டாள், அக்காவின் முதுகைப் பார்த்தாள். தோல் நன்றாக இருந்தது. ஒரு சிவப்புகூட இல்லை.

"இங்க சிஸ்டரா வராதே" என்றாள் பெரியவள். "சும்மா வா. உக்காந்து நாலு வார்த்த பேசிட்டுப் போ."

சின்னவளுக்குச் சும்மா வரத் தெரியவில்லை. உட்கார்ந்தால் பேச்சு ஓடவில்லை. வார்டில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டாள், நடுநடுவே டி.வி.யைப் பார்த்தாள். உடம்பில் சதை போட்டிருந்தாள். வீட்டில் கிடந்தபோது இருந்ததைவிட முகம் தெளிவாக இருந்தது. கணவர் வீட்டில் கேட்பார், "எப்படி இருக்காங்க?" "நல்லா இருக்கா" என்பாள். பொய்யில்லை.

வார்டில் அவள் பழையபடிதான் இருந்தாள். ஒருநாள் படுக்கைப்புண்ணோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவள் நோயாளியின் தங்கை. கசங்கிய உடையும் தூங்காத கண்ணுமாக நின்றாள். இளம் நர்ஸ் ஒருத்தி போர்வையை விலக்கியதும், "என்னம்மா இது? வீட்ல திரும்பியே பாக்கலையா நீங்க?" என்று கேட்டாள். அந்தத் தங்கை சின்னவளைப் பார்த்தாள். சீருடையைப் பார்த்து, வயதைப் பார்த்து, இவளாவது திட்டாமல் இருக்கட்டும் என்று கெஞ்சுகிற பார்வை.

சின்னவள் கட்டிலுக்கு அருகே போனாள். "அம்மா, இப்ப உங்கள இடது பக்கம் திருப்பப் போறேன்" என்று குரல் தானாக ஆரம்பித்தது. இதமாக, தேனாக. அந்தத் தங்கையின் கண் கலங்கியது. "எவ்வளவு அன்பா பேசறீங்க சிஸ்டர்" என்றாள்.

சின்னவள் கையிலிருந்த துணியை இளம் நர்ஸிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள். அன்றைக்கு அவள் வார்டுக்குள் திரும்பவில்லை.

கத்தரி, இடுக்கி, தட்டுகளை அவித்துக் கட்டிவைக்கும் அறைக்கு மாற்றல் கேட்டாள். ஹெட் சிஸ்டர் நம்பவில்லை. "அங்க போற வயசா உனக்கு? ஆளில்லாம தவிக்கறோம். உன்ன மாதிரி ஒருத்தி இல்லைன்னா இந்த வார்டு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. யாராவது திருப்பிப் போடுவாங்க."

"என்ன காரணம்னாவது சொல்லு."

"பேச முடியல" என்றாள். தொண்டையில் ஏதோ கோளாறு என்று ஹெட் சிஸ்டர் புரிந்துகொண்டாள். அவளும் திருத்தவில்லை.

புது இடத்தில் வேலை லேசு. நீராவி, இரும்பு, துணிக்கட்டு. நாள் முழுக்க வாய் திறக்க வேண்டிய தேவையில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது தொண்டை காய்ந்திருக்காது. ஜன்னலோரத்தில் கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது; அதில் எதையும் போட இருவருக்கும் மனசு வரவில்லை.

அக்காவிடம் அவள் இதைச் சொல்லவில்லை. போகும்போதெல்லாம் பழைய நோயாளிகளின் கதையையே புதிதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் பெரியவளின் பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்தவள் அதே ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள். அடுத்த தடவை சின்னவள் போய் உட்கார்ந்ததும் பெரியவள் டி.வி.யை நிறுத்தச் சொன்னாள்.

"அந்த வார்டுல அறிவிப்பு சிஸ்டர்னு யாருமே இல்லையாமே."

சின்னவள் தண்ணீர்க் குவளையை எடுத்து அக்காவின் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

"எங்கடி இருக்கே?"

"சாமான் கழுவற எடத்துல."

பெரியவள் அவளையே பார்த்தாள். வாதம் வந்தபோதும், கை நீலம் பாய்ந்தபோதும், புண்ணில் மருந்து பட்டபோதும் இல்லாத ஒரு சுருக்கம் அந்தக் கோணல் முகத்தில் விழுந்தது.

"அப்ப அவங்களுக்கு யாரு இருக்கா?"

"தெரியலக்கா."

"அதுக்காகத்தானேடி நான் இங்க வந்து கெடக்கேன்."

அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடச் சின்னவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். பெரியவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தாள்; உடம்பு ஒத்துழைக்கவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். சின்னவள் அவளுக்கு உதவக் கை நீட்டினாள். நீட்டிய கையோடு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

பணிப்பெண் டீயோடு உள்ளே வந்தாள். "நேரமாச்சும்மா. பாக்க வந்தவங்க கிளம்பலாம்" என்றாள்.

வெளியே நிறுத்தத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. ஒரு பேருந்து வந்து நின்று, யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது. அடுத்தது வந்தபோதும் அவள் பெஞ்சைவிட்டு எழவில்லை. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "வரீங்களாம்மா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். வருகிறேன் என்றா, இல்லையென்றா என்று அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தார்.